மருந்துக்குக் காசு யார் கொடுப்பது?

சென்ற தவணையில் உயர்வகுப்பு மாணவர்க்கு ஒரு விவாதப்பொருள் கொடுத்தேன். ‘வைத்தியம் அரசாங்கத்தின் கடனா, தனியாரின் தொழிலா?’ என்பது தலைப்பு. இரு கட்சியாரும் நன்றாகவே ஆயத்தம் செய்து வந்திருந்தனர். ஒரு கட்சியார் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையைத் தூக்கிப் பிடித்தனர். மறுகட்சியார் அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகளையும் அங்கு நடக்கும் அரிய சத்திரசிகிச்சைகளையும் அடுக்கினர். கேட்டுக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்திலிருந்து நடந்து வருபவள், எழுந்து நின்று, “எங்க தோட்டத்து டிஸ்பென்சரி எந்தக் கட்சி, சேர்?” என்றாள். சபை சிரித்தது. ஆனால் விடைசொல்ல இரு கட்சியிலும் ஒருவராவது முன்வரவில்லை. அவள் கேட்டது வேடிக்கைக் கேள்வியன்று. உலகத்து வைத்திய முறைகளை அரசு, தனியார் என்று இரண்டு பெட்டிகளில் போட்டு மூடிவிடுகிறோம். நமது மலைநாட்டு மக்களோ நூற்றைம்பது ஆண்டுகளாக இவ்விரண்டு பெட்டிகளுக்கும் வெளியே மருந்து வாங்கியிருக்கிறார்கள்.

வள்ளுவப் பெருந்தகை மருந்து அதிகாரத்தின் கடைக்குறளில் வைத்தியத்துக்கு நான்கு அங்கங்களைக் கூறுகிறார். நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து மருந்தைக் கொடுப்பவன் என்பன அவை. உரையாசிரியர்கள் இந்நான்கையும் மேலும் நந்நான்காகப் பகுத்துப் பதினாறாக்கிக் காட்டுவர். அந்நான்கு அங்கங்களில் காசு கொடுப்பவன் தனியே இல்லை. இதனை வள்ளுவரின் குறையென்று நான் சொல்லவரவில்லை. மருந்து மரத்திலும் வேரிலும் கிடைத்த காலத்தில், வைத்தியனுக்கு நெல்லும் நிலமும் ஊரே அளந்த காலத்தில், அந்த ஐந்தாமவன் தனியே கண்ணில் பட்டிருக்கமாட்டான். இன்றோ முதலில் வந்து நிற்பவன் அவன்தான்.

அவன் பழங்காலத்தில் முற்றாக மறைந்திருந்தான் என்றும் சொல்வதற்கில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உண்டு. ஏறத்தாழ 1069ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோயிலைச் சார்ந்த ஆதுலர் சாலை ஒன்றுக்குப் பதினைந்து படுக்கைகளும், ஒரு வைத்தியரும், சத்திரம் செய்வார் ஒருவரும், மூலிகை கொணர்வார் இருவரும், பணிவிடைப் பெண்டிர் இருவரும், அவரவர்க்கு இத்தனை நெல்லென்றும், மருந்துகள் இன்னின்னவென்றும் அக்கல்வெட்டு கணக்கெழுதி வைத்திருக்கிறது. தமிழர் பெருமை பேசுவோர் இதனை அடிக்கடி எடுத்துக்காட்டுவர்; நானும் மேடையில் காட்டியதுண்டு. ஆனால் அச்சாலை யாருக்காக அமைந்தது என்பதை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். அக்கோயிலின் பணியாளருக்கும், அங்கிருந்த வேதப்பள்ளியின் ஆசிரியர் மாணாக்கர்க்கும் உரியது அது. கோயிலின் ஆளாக இருந்தால் படுக்கை உண்டு என்பது ஏற்பாடு. ஒரு நூற்றாண்டு கழித்துக் கம்போசத்தை ஆண்ட ஏழாம் செயவர்மன் தன் நாடெங்கும் 102 வைத்தியசாலைகள் நடத்தினான் எனவும், அவை நான்கு வருணத்தாருக்கும் திறந்திருந்தன எனவும் அந்நாட்டுக் கல்வெட்டுகள் கூறுகின்றன. இன்னார்க்குரியவர் என்பதனால் மருந்து பெறுவது ஒன்று. நோயாளி என்பதனால் மருந்து பெறுவது மற்றொன்று. நம் மாணவியின் கேள்வி இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது.

கோப்பிக் காலத்தில் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மன்னார்க்கரை வந்திறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்கள் வாந்திபேதிக்கும் அம்மைக்கும் பசிக்கும் வழிநெடுக மாண்டனர். எஞ்சியோர் தோட்டம் வந்து சேர்ந்தபோது அங்கே வைத்தியனும் இல்லை, மருந்தும் இல்லை. துரையின் பெட்டியிலிருந்த கொயினாவும் விளக்கெண்ணெயுமே பொதுவான மருந்துகள். இந்நிலை வெளியே தெரிந்து, இந்திய அரசாங்கமும் இலண்டனும் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகே 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் முதன்முதலில் பிறந்தது. 1880இல் அது திருத்தி எழுதப்பட்டது. பின்னர் 1912இல் மீண்டும் விரிவாயிற்று. தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. அரசாங்கம் மாவட்ட வைத்திய அதிகாரியை நியமித்தது. செலவுக்காகத் தோட்ட விளைபொருளின் ஏற்றுமதி மீது வரி வாங்கிற்று. தன் தோட்டத்து நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்பும் கடமை துரைமேல் சுமத்தப்பட்டது.

சட்டப் புத்தகத்தில் படிக்க இஃது அழகாகவே இருக்கிறது. அக்காலத்தில் இலங்கையின் சிங்களக் கிராமத்தானுக்கோ யாழ்ப்பாணத்து உழவனுக்கோ இத்தகைய சட்டம் இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் அதன் உட்கருத்து வேறு. தொழிலாளி இறந்தால் அவன் தலைமேலிருந்த முற்பணம் போயிற்று. அவன் படுத்தால் கொழுந்து போயிற்று. வண்டிமாட்டுக்கு லாடம் அடிப்பதும் ஒருவகையில் மாட்டுக்குச் செய்யும் நன்மைதான். அதனைச் சீவகாருணியம் என்று எவரும் சொல்வதில்லை. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். வெறுங்காலுடன் மலைச்சரிவில் நடப்பவரின் பாதத்தைத் துளைத்துக் குடலுக்குச் சென்று இரத்தத்தை உறிஞ்சும் அப்புழு, தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோரின் வயிற்றில் குடியிருந்தது. லயம் லயமாக வரிசையில் நிறுத்தி மருந்து புகட்டினார்கள். மருந்து புழுவைக் கொன்றது. ஆனால் லயத்துக்கு மலசலகூடம் கட்டவேண்டும் என்ற பேச்சு வந்தபோதெல்லாம் செலவுக் கணக்கு குறுக்கே நின்றது. அதனால் மருந்து குடித்தவர் அதே மண்ணில் நடந்து அதே புழுவை மறுபடியும் வாங்கிக்கொண்டனர்.

ஊவாவைப் பற்றி ஒரு சிறு செய்தி. கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதலாக 1869இல் நமது மடுல்சீமையிற்றான் காணப்பட்டது. செடிக்கு வந்த நோய் சில ஆண்டுகளில் இத்தீவின் பொருளாதாரத்தையே புரட்டிப்போட்டது. அதனை ஆராய இங்கிலாந்திலிருந்து அறிஞர் வரவழைக்கப்பட்டார். செடியின் நோய்க்குக் கிடைத்த அந்த விரைவான கவனத்தை, அதே மலையில் பேதியால் மாண்ட மனிதருக்குக் கிடைத்த கவனத்தோடு ஒப்பிடும் வேலையை மாணவர்க்கு விடுகிறேன்.

இனி, அரசாங்க வைத்தியத்தின் கதை. 1931இல் இந்நாட்டில் சர்வசன வாக்குரிமை வந்தது. வாக்கு வந்தபின் வேட்பாளன் ஊருக்கு வரவேண்டியவனானான். வந்தவனிடம் ஊரார் பாடசாலையும் பாலமும் வைத்தியசாலையும் கேட்டனர். 1934–35இல் மலேரியாக் காய்ச்சல் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனது அக்கோரிக்கையை வலுப்படுத்தியது. கிராமந்தோறும் சிறிய வைத்தியசாலைகளும் தாய் சேய் நிலையங்களும் எழுந்தன. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் அறவே நீக்கப்பட்டது. ஓர் ஏழைநாடு இதனைச் செய்தமை இன்றும் உலகத்து அறிஞர் வியக்கும் காரியம். இன்று இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ முப்பது தாய்மாரே இறக்கிறார்கள். நம்மைவிடச் செல்வம் மிக்க பல நாடுகள் இந்த எண்ணை இன்னும் எட்டவில்லை.

ஆனால் அந்த ஆண்டுகளைத் தோட்டத்து ஆண்டுகளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் அமர்ந்தனர். தலவாக்கலையிலிருந்து சென்றவர் நம் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமை பறிபோயிற்று. 1951இல் வைத்தியம் இலவசமாயிற்று. 1952 தேர்தலில் அம்மக்கள் சார்பில் ஒருவரும் பாராளுமன்றம் செல்லவில்லை. வாக்கின் வழியே வைத்தியசாலை வந்த நாட்டில், வைத்தியசாலைகள் பெருகிய காலத்திற்றான் இவர்களுடைய வாக்கு இல்லாமற் போனது. பதுளைப் பெரியாஸ்பத்திரியின் கதவு தோட்டத்தானுக்கு மூடப்பட்டிருக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் மருத்துவிச்சியும், சுகாதாரப் பரிசோதகரும், தடுப்பூசியும், கிணற்றுக்கு மருந்திடுபவரும் கிராம எல்லையோடு நின்றனர். தோட்ட எல்லைக்குள் நடப்பது தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு என்று அரசாங்கம் சொல்லிற்று. நிருவாகமோ சட்டம் கேட்ட அளவோடு நின்றுகொண்டது. இலவச வைத்தியக் கடலின் நடுவே தோட்டம் ஒரு தீவாயிற்று.

மாணவர் மேற்கோள் காட்டிய இங்கிலாந்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1948 யூலை 5ஆம் நாள் அங்கே தேசிய சுகாதார சேவையைத் திறந்துவைத்த அமைச்சர் அனுரின் பெவன், வேல்சின் திரெடேகர் என்னும் சுரங்க ஊரில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, பதின்மூன்றாம் வயதில் தாமும் சுரங்கத்துக்குள் இறங்கியவர். அந்த ஊரில் சுரங்க, இரும்பாலைத் தொழிலாளர் தம் கூலியில் பவுணுக்கு மூன்று பென்னி போட்டு, ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினர். வைத்தியரை அமர்த்தியதும், நீக்கியதும், பல்லுக்கும் கண்ணாடிக்கும் ஏற்பாடு செய்ததும் அவர்களே. பெவன் அச்சங்கத்தின் வைத்தியசாலைக் குழுவில் இருந்தவர். ஏ. ஜே. குரோனின் அங்கே வைத்தியராகப் பணிபுரிந்துவிட்டுப் பின்னர் 1937இல் எழுதிய ‘சிட்டடல்’ என்னும் நாவலை ஆங்கிலம் அறிந்த அன்பர்கள் படித்திருப்பர். திரெடேகர்க்காரர் பெற்றதை நாடெங்கும் கொடுப்பதே பெவனின் எண்ணமாக இருந்தது.

வேல்சின் சுரங்கமும் ஊவாவின் தேயிலைமலையும் ஒன்றுக்கொன்று வெகுதூரமல்ல. இரண்டிடத்தும் ஒரே முதலாளி. இரண்டிடத்தும் வரிசை வீடுகள். இரண்டிடத்தும் நுரையீரல் கெட்ட மனிதர். வேற்றுமை எங்கே என்றால், அங்கே டிஸ்பென்சரியின் திறப்பு தொழிலாளியின் மடியில் இருந்தது. இங்கே துரையின் மேசையில் இருந்தது. நோயாளி டிஸ்பென்சரிக்குப் போவதற்கு முன்பு பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளையிடம் சொல்லித் துண்டு வாங்கவேண்டும். ‘காய்ச்சலா, கள்ளமா?’ என்பதை முதலில் தீர்மானித்தவர் வைத்தியரல்லர். டிஸ்பென்சர் ஐயாமாரில் அன்புள்ளம் படைத்தவர் பலர். இராப்பகல் பாராது லயத்துக்கு வந்தவர்களை நான் அறிவேன். ஆனால் அவரும் துரையின் சம்பளக்காரர். நோயாளிக்கு ஒருநாள் ஓய்வு எழுதிக்கொடுத்தால் மறுநாள் அவர் விளக்கம் சொல்லவேண்டியிருந்தது.

இந்த நிலையைத் தோட்டத்து வைத்தியர் ஒருவரே எழுதிவைத்திருக்கிறார். 1940களில் வால்பாறைத் தோட்டங்களில் வைத்தியராக இருந்த பி. எச். டேனியல் 1969இல் ‘ரெட் டீ’ என்ற நாவலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று அது 2007இல் தமிழுக்கு வந்தது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யைப் போற்றுகிற நம் இலக்கிய வட்டத்தார் இதனையும் பக்கத்தில் வைத்துப் படித்தல் நலம். ஒருவர் கதாசிரியரின் கண்ணால் பார்த்தவர். மற்றவர் நாடி பிடித்துப் பார்த்தவர்.

அமெரிக்காவைத் தனியார் வைத்தியத்துக்கு உதாரணம் என்று நம் மாணவர் சொன்னது பாதி சரி. அங்கே பெரும்பாலோருக்கு வைத்தியக் காப்புறுதி கிடைப்பது அவரவர் வேலை செய்யும் கொம்பனி வாயிலாகவே. இதனை யாரும் ஆலோசித்து ஏற்படுத்தவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது 1942இல் கூலி உயர்வு தடைசெய்யப்பட்டது. ஆள் பிடிக்க வழியில்லாத கொம்பனிகள் கூலிக்குப் பதிலாக வைத்தியக் காப்புறுதியைக் கொடுத்தன. வரிச்சலுகை பிற்பாடு அதனை உறுதிப்படுத்திற்று. முதியோருக்கும் வறியோருக்கும் 1965இல் அரசாங்கம் தனித் திட்டங்கள் வகுத்தது. 2010இல் மற்றொரு சட்டம் வந்தது. ஆயினும் நடுவில் நிற்பது இன்றும் கொம்பனிக் காப்புறுதியே. வேலை போனால் காப்புறுதியும் போகும். 2020இல் கொள்ளைநோய் வந்தபோது அங்கே கோடிக்கணக்கானோர் வேலை இழந்தனர். வைத்தியம் மிகத் தேவைப்பட்ட வேளையில் பலருக்குக் காப்புறுதி கைநழுவியது. இந்த ஏற்பாட்டை நம்மவர்க்கு விளக்கப் பெரிய நூல்கள் வேண்டா. அது செக்றோலில் பேர் இருந்தால் மருந்து என்பதன் பணக்கார வடிவம். திருமுக்கூடலும் ஸ்பிரிங்வெளியும் நியூயோர்க்கும் ஒரு வரிசையில் நிற்கின்றன என்றால் மாணவர் நம்பமாட்டார்கள், ஆனால் நிற்கின்றன. அன்று அம்மாணவிக்கு நான் சொல்லிய விடையும் இதுவே.

இந்தியாவில் 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வைத்திய வசதி செய்வது தோட்டத்தின் கடமை என்று விதித்தது. 2020இன் புதிய தொழிற்சட்டக் கோவையில் அது அடக்கப்பட்டது. நல்ல விதிதான். ஆனால் 2000ஆம் ஆண்டுக்குப் பின் மேற்கு வங்கத்தின் தூவார்ஸ் பகுதியிலும் கேரளத்தின் பீர்மேட்டிலும் பல தோட்டங்களை முதலாளிமார் கைவிட்டுப் போனபோது, கூலியும் அரிசியும் நின்ற அதே நாளில் தோட்டத்து ஆஸ்பத்திரியும் நின்றது. பட்டினியும் நோயும் சேர்ந்து வந்தவிடத்து மருந்துக்காரனைக் காணோம்.

நம் நாட்டில் 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரை போய் அரசாங்கம் வந்ததே, இனி அரசாங்க வைத்தியம் தானே வரும் என்று எண்ணத் தோன்றும். அப்படி நடக்கவில்லை. தோட்டங்களை ஏற்ற கூட்டுத்தாபனங்கள் கொம்பனிகளின் இடத்தில் உட்கார்ந்தன. டிஸ்பென்சரி கூட்டுத்தாபனத்தின் டிஸ்பென்சரி ஆயிற்று. சுகாதாரத் திணைக்களத்தின் புத்தகத்தில் அது ஏறவில்லை. அந்த ஆண்டுகளிற்றான் 1973–74இன் உணவுப் பஞ்சமும் வந்தது. தோட்டத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேற்பட்டவை ஒரு வயதுக்குள் மடிந்தன. நாட்டின் பொதுக்கணக்கு அதில் பாதிக்கும் குறைவு. தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு மாறிக்கொண்டிருந்த காலத்துக் கணக்கு இது. ஆகவே, ‘அரசு’ என்ற பெயரை மட்டும் கண்டு திருப்திப்படுவதற்கில்லை. முதலாளி என்ற முறையில் கொடுக்கும் அரசு வேறு; அரசு என்ற முறையில் கொடுக்கும் அரசு வேறு.

பின்னர் நிலை மெல்லத் திருந்தியது. குடும்ப நலப் பணியாளரும் மருத்துவிச்சிகளும் தோட்டங்களுக்குள் வந்தனர், பிள்ளைமடுவங்கள் சீர்பெற்றன, தடுப்பூசி எங்கும் எட்டியது, லயத்திற் பிள்ளை பெறும் வழக்கம் அருகிற்று. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் மறுபடியும் தனியார் கொம்பனிகளிடம் சென்றது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து, தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாக ஏற்கத் தொடங்கியது. சில ஏற்கப்பட்டுச் செவ்வையாக நடக்கின்றன. சில ஏற்கப்பட்டும் வைத்தியரின்றி இருக்கின்றன. இன்னும் பல ஏற்கப்படாமலே, முறையான தகுதி பெறாத உதவியாளர் ஒருவரின் பொறுப்பில், தகரக்கூரையின் கீழ் நடக்கின்றன. கொம்பனி, ‘அது அரசாங்கத்தின் வேலை’ என்கிறது. அரசாங்கத்து அலுவலர், ‘காணி கொம்பனியின் குத்தகையில் இருக்கிறதே’ என்கிறார். இரு மாமியார் வீட்டு மருமகள் போல நோயாளி நடுவில் நிற்கிறாள்.

இலவசம் என்ற சொல்லையும் சற்று உரைத்துப் பார்க்கவேண்டும். பதுளைப் பெரியாஸ்பத்திரியில் கிளினிக்குக்குப் போகும் தோட்டத்துப் பெண் காலை ஐந்து மணிக்கு முன் எழுந்து, மலைப்பாதை இறங்கி, முதல் பஸ்ஸைப் பிடித்துத் துண்டு எடுத்து வரிசையில் இருக்கிறாள். மருந்து கையில் வர மத்தியானம் ஆகிவிடும். அன்றைய பேர் போயிற்று. திரும்பி வந்து மலைக்குப் போனாலும், பெரும்பாலும் அரைப்பேர்தான். 2024இல் நாட்சம்பளத்தின் அடிப்படைத் தொகை 1350 ரூபாவாக நிருணயிக்கப்பட்டது. ஆக, ஒரு சதமும் கேட்காத வைத்தியத்துக்கு அவள் ஒருநாட் கூலியும் பஸ் கட்டணமும் செலுத்துகிறாள். சர்க்கரை வியாதியும் இரத்த அழுத்தமும் மாதந்தோறும் வரச்சொல்லும் நோய்கள். இரண்டு மாதம் போவாள். மூன்றாம் மாதம் கொழுந்து நிறைந்த மாதமானால் போகமாட்டாள். மருந்து நின்றுவிடும். எங்கள் பகுதியில் நான் அறிந்த இரண்டு பக்கவாதங்கள் இவ்விதம் வந்தவை.

விலை சிறிதாயினும் அது மனிதரைத் தடுக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1971இல் அரசாங்க வைத்தியசாலைகளில் வெளிநோயாளருக்கு 25 சதம் கட்டணம் விதித்தார்கள். கால்ரூபாதானே என்று நகரத்தார் நினைத்தனர். வருவோர் தொகை சட்டென்று குறைந்தது. 1977இல் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். விந்தை என்னவெனில், அதே 1977இல் அரசாங்க வைத்தியர் கடமை நேரத்துக்குப் புறம்பே தனியாராகத் தொழில் செய்ய அனுமதியும் பிறந்தது. இன்றைய ‘சேனல்’ முறை அதன் பிள்ளை. காலையில் பெரியாஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கும் நிபுணரையே மாலையில் நகரத்துத் தனியார் நிலையத்தில் காசு கொடுத்துப் பார்க்கிறோம். படுக்கையில் கிடக்கும் நோயாளரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அரசாங்க மருத்துவமனையிலேயே கிடக்கிறார்கள். இருமலுக்கும் இடுப்பு நோவுக்குமே மக்கள் தனியாரை நாடுகிறார்கள். பெருஞ்செலவை அரசு ஏற்க, சிறுசெலவைக் குடும்பம் ஏற்கும் இந்தப் பங்கீடு யாரும் சட்டமாக எழுதாதது. அது அவ்வளவு மோசமான பங்கீடு என்று நான் எண்ணவில்லை. சேனல் போட முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் ஒரே சத்திரசிகிச்சைக் கூடம் என்பது பெரிய காரியம். ஆனால் 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்து, அரசாங்க மருந்தகத்தில் மருந்தில்லை, வெளியே வாங்குங்கள் என்று துண்டு எழுதத் தொடங்கியபோது, அந்தப் பங்கீடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பது தெரிந்தது. வைத்தியர் பலர் கடல்கடந்து போனார்கள். வெளியே வாங்கக் காசில்லாதவர் துண்டை மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்பினர்.

மருந்து விலையைப் பற்றி முன்னரே சிந்தித்த ஒருவர் நம் ஊவாவின் பிபிலைப் பரம்பரையைச் சேர்ந்தவர் என்பதை இங்கே நினைவுகூரவேண்டும். பேராசிரியர் சேனக பிபிலை, வைத்தியக் கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து தந்த அறிக்கையின் பயனாக 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. வணிகப் பெயரைப் பார்த்து வாங்காது, மருந்தின் மூலப் பெயரைச் சொல்லி, நாடு முழுவதுக்கும் ஒருங்கே விலைகேட்டு வாங்கினால் செலவு வெகுவாகக் குறையும் என்பது அவர் காட்டிய வழி. 1977இல் அவர் இறந்தபின் பல நாடுகள் அவ்வழியைப் பின்பற்றின. தமிழ்நாட்டு அரசு 1994இல் அமைத்த மருத்துவப் பணிகள் கழகமும் மருந்தை ஒருங்கே வாங்கி மாவட்டந்தோறும் களஞ்சியம் வைத்துக் கொடுக்கும் முறையில் பேர்பெற்றது. அதே தமிழ்நாட்டில் 2009 முதல் அரசு காப்புறுதிப் பணம் கட்ட, ஏழை நோயாளி தனியார் மருத்துவமனையிலும் சிகிச்சை பெறும் திட்டமும் நடக்கிறது. இதைப் பாராட்டுவோர் உண்டு. அரசின் பணம் அரசின் மருத்துவமனைக்கே போனால் அதுவும் வளருமே என்பது என் கட்சி. 2021இல் அங்கே தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தின்மீதுதான் எனக்கு ஆசை. சர்க்கரை நோயாளியின் வாசலுக்கே மாத்திரை வருமாம். நமது லயத்து வாசலுக்கு அப்படி வந்தால் ஓர் அரைப்பேர் மிஞ்சும்.

பண்டிதன் என்பதால் மொழியைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் இருக்கமுடியாது. வள்ளுவர் கூறிய நான்காம் அங்கத்தினன், மருந்தைக் கொடுப்பவன், நோயாளியின் மொழி அறியாதவனானால் என்ன பயன்? தோட்டத்துக் கிழவி வேற்றுமொழியில் எழுதிய மருந்துறையைக் கையில் வைத்துக்கொண்டு, வழியிற் போகும் பள்ளிப்பிள்ளையைக் கூப்பிட்டு, ‘இது சாப்பாட்டுக்கு முன்னுக்கா, பின்னுக்கா?’ என்று கேட்பதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். மானிப்பாயில் 1848 முதல் வைத்தியம் கற்பித்த அமெரிக்கராகிய சாமுவேல் கிறீன், நம் மக்களுக்கு வைத்தியம் செய்பவன் நம் மொழியிலேயே அதைக் கற்கவேண்டும் என்று துணிந்து, மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மாணவரைப் பயிற்றினார். அவர் இத்தீவை விட்டுப் போய் நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தன. மருந்துறையில் ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்று தமிழில் அச்சிடுவதற்கு அரசாங்கத்துக்கும் தனியாருக்கும் பெருஞ்செலவு பிடிக்காது.

இப்போது தோட்டங்களில் நிகழும் மாற்றம் ஒன்று இந்தப் பழைய வழக்கையே தீர்த்துவிடும் போல் இருக்கிறது. லயத்தில் வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் இன்று தோட்டத் தொழிலாளர் அல்லர். தாய் ஒருத்தி கொழுந்து பறிப்பாள். தகப்பன் பதுளையில் கடையில் நிற்பான். மூத்தவன் கொழும்பில் இருப்பான். மகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போவாள். பாட்டி ஓய்வுபெற்று வீட்டில் இருப்பாள். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் செக்றோலில் இருப்பது ஒரே பேர். தொழிலாளிக்கு மருந்து கொடுப்பது முதலாளியின் கடமை என்ற 1872ஆம் ஆண்டு நியாயத்தை அப்படியே வைத்துக்கொண்டால், ஒருத்திக்கு மருந்து உண்டு, நால்வருக்கு இல்லை. சில தோட்டங்களில் அந்த நால்வரையும் பார்க்க டிஸ்பென்சர் மறுப்பதில்லை. அது அவருடைய நல்ல மனம். நல்ல மனத்தை மட்டும் நம்பி ஒரு மக்கட்கூட்டத்தை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே மற்றைய கிராமங்களில் அரசாங்கம் வைத்தியசாலை கட்டிற்று.

எங்கள் பகுதிக்கு வரும் பொதுச் சுகாதார மருத்துவிச்சி, குடைபிடித்துக்கொண்டு, மழைக்காலத்தில் அட்டைக்கடிக்கு அஞ்சிக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு, லயம் லயமாக ஏறி இறங்குகிறார். கர்ப்பிணியின் பெயர், வயது, எத்தனையாவது பிள்ளை, இரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேட்டுத் தம் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறார். செக்றோலில் பேர் உண்டா என்று அவர் கேட்பதில்லை; அவருடைய புத்தகத்தில் அதற்கு இடமும் இல்லை.